டிரான்ஸ்லொகேஷன்: கோளாறு அல்ல, இடமாற்றம்

இரண்டு மூன்று முறை கரு கலைந்த தம்பதிக்கு மருத்துவர் கேரியோடைப்பிங் என்ற ரத்தப் பரிசோதனையை எழுதித் தருவார். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களைப் பார்க்கும் சோதனை அது. சிலருடைய ரிப்போர்ட்டில் “46,எக்ஸ்எக்ஸ்,டி(11;22)(கியூ23;கியூ11)” என்று ஒரு வரி வரும். வீடு வந்து சேர்வதற்குள் அது “பொண்ணுக்கு குரோமோசோம் கோளாறாம்” என்று ஆகிவிடுகிறது. அந்த வரியில் கோளாறு எங்கேயும் இல்லை. 46 என்றால் குரோமோசோம்களின் எண்ணிக்கை சரி. எக்ஸ்எக்ஸ் என்றால் பெண். ‘கியூ’ என்பது குரோமோசோமின் நீண்ட கை. ‘டி’ என்பது டிரான்ஸ்லொகேஷன். 11ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டும் 22ஆவதின் நீண்ட கையில் ஒரு துண்டும் ஒன்றின் இடத்துக்கு மற்றொன்றாகப் போய் ஒட்டியிருக்கின்றன. அவ்வளவுதான்.

சொல் லத்தீன் வழி வந்தது: டிரான்ஸ் என்றால் அப்பால், லோகுஸ் என்றால் இடம். குரோமோசோம் கிரேக்கம்; குரோமா நிறம், சோமா உடல். சாயம் ஏற்றினால் பளிச்சென்று தெரியும் என்பதால் ஜெர்மானியரான வால்டையர் 1888இல் வைத்த பெயர். இலங்கைத் தமிழில் அதை அழகாக நிறமூர்த்தம் என்கிறார்கள்.

டிரான்ஸ்லொகேஷனை இடப்பெயர்ச்சி என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர்ச்சி என்றதும் சனிப்பெயர்ச்சிதான் நினைவுக்கு வரும். ஏற்கெனவே பயந்திருக்கும் பெண்ணுக்கு அது வேண்டாம். இடமாற்றம் போதும். துண்டு எதுவும் கூடவில்லை, குறையவில்லை என்றால் சமநிலை இடமாற்றம். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலோர் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பார்கள்.

சிக்கல் கருமுட்டையிலோ விந்தணுவிலோ வருகிறது. இடம் மாறிய குரோமோசோம் ஒன்றும் மாறாத ஒன்றும் சேர்ந்து போனால், கருவில் ஒரு துண்டு கூடி இன்னொன்று குறையும். இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பல கருக்கள் கலைவது இதனால்தான்.

இதைப் பார்க்கும் சோதனைக்கு பிஜிடி-எஸ்ஆர் என்று பெயர். கரு பதியும் முன் செய்யும் மரபுச் சோதனை என்று சொல்லலாம். ஆய்வகத்தில் உருவான கருவின் வெளியடுக்கில், பின்னால் நஞ்சுக்கொடியாக வளரும் பகுதியிலிருந்து, 5ஆம் அல்லது 6ஆம் நாளில் சில செல்களை எடுத்து, கருவை உறையவைத்துவிட்டுத் துண்டுகளின் கணக்கைப் பார்ப்பார்கள். ஆனால் கரு ஆணா பெண்ணா என்று சொல்வது இந்தியாவில் குற்றம்.

அப்புறம் ஒன்று. கணக்குச் சரியாக இருக்கும் கருக்களில், இடமாற்றமே இல்லாததையும் சமநிலை இடமாற்றம் உள்ளதையும் வழக்கமான சோதனை பிரித்துக் காட்டாது. இரண்டையுமே கருப்பையில் வைக்கலாம். இரண்டாவது வகைக் கரு, அதைச் சுமக்கப்போகும் அம்மாவைப் போலத்தான்.