ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?

புதுக் கண்ணாடி வாங்கிய மூன்றாவது வாரமே அப்பா அதைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டார். "இதப் போட்டா தலை வலிக்குது, தூரத்துல ஒண்ணும் சரியா தெரியல" என்றார். கடையில் தப்பாகச் செய்துவிட்டார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். வேறொரு கடைக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்தவர் கண்ணாடியைக் கருவியில் வைத்து அளந்துவிட்டு, சீட்டில் எழுதியிருக்கும் பவர்தான் கண்ணாடியிலும் இருக்கிறது என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "டெஸ்ட் பண்ணின அன்னைக்கு சுகர் எவ்வளவு இருந்துச்சு?"

300-க்கு மேல் இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அந்த வாரம்தான் தெரிந்தது. மாத்திரை தொடங்கிய பிறகு சர்க்கரை இறங்கியது, அதோடு கண்ணும் மாறிவிட்டது. கண்ணாடி மட்டும் மூன்று வாரத்துக்கு முந்தைய கண்ணுக்கானதாக நின்றுவிட்டது.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது. தன்னைச் சுற்றியிருக்கும் நீரிலிருந்துதான் அது சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது லென்ஸுக்குள்ளும் ஏறும். அதில் ஒரு பங்கு சார்பிட்டால் என்ற பொருளாக மாறி, வெளியே போக வழியில்லாமல் உள்ளே தேங்கித் தண்ணீரை இழுக்கும். லென்ஸ் உப்பும், ஒளியை வளைக்கும் திறன் மாறும், பலருக்குக் கிட்டப்பார்வை கூடிப் போகும். சர்க்கரை இறங்கினாலும் லென்ஸ் உடனே பழைய நிலைக்கு வந்துவிடாது, சில வாரம் பிடிக்கும். அதற்குள் எழுதப்பட்ட பவர் எதுவும் நிலைக்காது.

கண் பரிசோதனையை நாம் எடை மெஷின் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஏறி நின்றால் எண் வந்துவிடும் என்று. அது அப்படியில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மாறிக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்பை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அளக்கிறார்கள். அந்த அளவை முடித்துவைப்பதும் இயந்திரம் அல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் பதில்தான்.

முதலில் 'பவர்' என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். ஒளியை வளைக்கும் திறன்தான் பவர், அதை அளக்கும் அலகு டயாப்டர். நம் கண் ஒளியை மொத்தமாகச் சுமார் 60 டயாப்டர் அளவுக்கு வளைக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா செய்துவிடுகிறது. மீதி உள்ளே இருக்கும் லென்ஸின் வேலை. டயாப்டர் கணக்கு எளிது: 1-ஐ மீட்டரில் சொன்ன தூரத்தால் வகுத்தால் போதும். மைனஸ் 2 பவர் உள்ளவருக்கு அரை மீட்டர் வரை கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரியும், அதற்கு மேல் கலங்கும். மைனஸ் 4 என்றால் அந்த எல்லை கால் மீட்டர். கிட்டப்பார்வை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் தூரத்தை அளந்தால் உங்கள் சீட்டில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பரிசோதனை அறையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை 1862-இல் உருவாக்கியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். இஷ்டத்துக்குப் பெரிதும் சிறிதுமாக எழுத்துகளை அச்சடிக்காமல், அவற்றின் அளவைக் கோணக் கணக்கில் கட்டிவைத்தார். ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு 'மினிட்'. 6/6 வரிசையில் இருக்கும் எழுத்து, 6 மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணில் 5 மினிட் கோணத்தில் விழும், அதன் ஒவ்வொரு கோடும் ஒரு மினிட். உயரம் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேலே தனியாக இருக்கும் 6/60 எழுத்து அதைப்போலப் பத்து மடங்கு. சாதாரணக் கண் 60 மீட்டரிலிருந்து படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது என்பதே 6/60-க்குப் பொருள். அறை சின்னதாக இருந்தால் எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி 3 மீட்டரை 6 மீட்டராக்கிவிடுவார்கள். தமிழ் எழுத்துப் பலகையும் உண்டு. எழுத்துத் தெரியாதவர்களுக்கு நாலு பக்கமும் திரும்பியிருக்கும் மூன்று கால் உருவம் இருக்கும், கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையைக் காட்டினால் போதும்.

இந்த இடத்தில்தான் பலர் பரீட்சை எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பது, வலது கண்ணால் படித்ததை இடது கண்ணுக்கு மனப்பாடமாகச் சொல்வது, முகத்தைச் சற்றே முன்னால் நீட்டுவது. குழந்தைகள் நிச்சயம் செய்வார்கள், பெரியவர்களும் செய்கிறார்கள். இடுக்கிப் பார்த்தால் உண்மையிலேயே தெளிவாகத் தெரியும், அதனால்தான் இடுக்கக் கூடாது. இமைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளவு மட்டும் இருக்கும்போது ஓரக் கதிர்கள் தடைபட்டு, நடுக் கதிர்கள் மட்டும் உள்ளே போகின்றன. குவியம் தவறியிருந்தாலும் படம் அவ்வளவாகக் கலங்காது. இதையே பரிசோதிப்பவர் தன் பங்குக்குப் பயன்படுத்திக்கொள்வார். சின்ன ஓட்டை போட்ட கறுப்புத் தட்டை உங்கள் கண்முன் வைப்பார். அதன் வழியே எழுத்து தெளிந்தால் கண்ணாடி போட்டால் சரியாகும் குறைதான் என்று பொருள். தெளியவில்லை என்றால் புரையா, விழித்திரையா, நரம்பா என்று மருத்துவர் தேட வேண்டும். ஓர் ஓட்டை இவ்வளவு பெரிய முடிவைச் சொல்லிவிடுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

அடுத்தது 'கம்ப்யூட்டர் டெஸ்ட்'. தாடையை வைத்து உள்ளே பார்த்தால் ஒரு சாலை, அதன் முடிவில் வானத்தில் ஒரு பலூன். கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழித்திரைக்கு அனுப்பி, திரும்பி வரும் ஒளியிலிருந்து பவரைக் கணிக்கிறது. பலூன் ஒரு கணம் மங்கித் தெளிவது கருவியின் கோளாறு இல்லை. கிட்டத்தில் எதையாவது பார்க்கும்போது நம் லென்ஸ் தானாகவே தசையின் உதவியால் திரண்டுகொள்ளும். படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, 'இது தூரத்தில் இருக்கிறது' என்று கண்ணை நம்பவைத்து, அந்தத் தசையைத் தளர்த்தப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு பெட்டிக்குள் பார்க்கிறோம் என்பது மூளைக்குத் தெரியும். குறிப்பாகச் சின்ன வயதுக்காரர்களின் லென்ஸ் முழுதாகத் தளராது, இல்லாத மைனஸ் கொஞ்சம் கூடி வரும். கம்ப்யூட்டர் சீட்டு ஒரு தொடக்கம் மட்டுமே. அதை அப்படியே பார்த்துக் கண்ணாடி எழுதிக்கொடுக்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

உண்மையான பரிசோதனை, அந்தக் கனமான வட்ட ஃப்ரேமை மூக்கில் மாட்டிய பிறகுதான் தொடங்குகிறது. லென்ஸ் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, "இப்ப எப்படி, இப்ப எப்படி" என்று கேட்பார்கள். இளவயதுக்காரர்களிடம் ஒரு கேள்வியை அழுத்திக் கேட்பார்கள்: "தெளிவா தெரியுதா, இல்ல சின்னதாகிக் கறுப்பா தெரியுதா?" தேவைக்கு மேல் மைனஸ் போட்டாலும் இளம் கண் முறுக்கிக்கொண்டு சமாளித்துவிடும், எழுத்தும் கருகருவென்று எடுப்பாக இருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நாள் முழுதும் கண் தசை வீணாக உழைக்க வேண்டியதுதான். மாலையில் வரும் தலைவலிக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

பாதி சிவப்பு, பாதி பச்சை என்று ஒரு பலகையைக் காட்டி எதில் எழுத்து தெளிவு என்றும் கேட்பார்கள். பச்சை ஒளி சிவப்பைவிடச் சற்று முன்னாலேயே குவியும். சிவப்பில் தெளிவென்றால் மைனஸ் இன்னும் வேண்டும், பச்சையில் தெளிவென்றால் அதிகமாகிவிட்டது, இரண்டும் சமமென்றால் குவியம் விழித்திரையில் சரியாக உட்கார்ந்துவிட்டது. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் இது பலிக்கும், ஏனென்றால் கேள்வி நிறத்தைப் பற்றியதே இல்லை. "இடது பக்கமா, வலது பக்கமா" என்று கேட்டுக்கொள்வார்கள்.

கடைசியில் வருவதுதான் எல்லோரையும் தடுமாற வைக்கும் கட்டம். கார்னியா எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைந்திருக்காமல், பந்தைப் போல் இல்லாமல் முட்டையைப் போல் இருந்தால் வரும் குறைக்குச் சிலிண்டர் பவர் தேவை. அதன் அளவையும் சாய்வையும் கண்டுபிடிக்க, கைப்பிடி வைத்த ஒரு சின்ன லென்ஸைக் கண்முன் வைத்துப் புரட்டிப் புரட்டி, "ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?" என்பார்கள். அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஜாக்சனின் பெயரால் வழங்கும் லென்ஸ் அது. முதல் இரண்டு மூன்று முறை வித்தியாசம் பளிச்சென்று தெரியும். போகப்போக இரண்டும் ஒன்றாகவே தோன்றும். 'ஐயோ, தெரியவில்லையே' என்று பயந்து ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பவர்கள்தான் அதிகம். அவர் காத்திருப்பதே அந்தப் பதிலுக்குத்தான். புரட்டினாலும் இரண்டும் சம அளவில் மங்கலாக இருக்கிறது என்றால், ஃப்ரேமில் இருக்கும் சிலிண்டர் சரியான அளவில், சரியான சாய்வில் இருக்கிறது என்று அர்த்தம். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். யோசித்துச் சொல்லவும் வேண்டாம், பார்த்தவுடன் தோன்றுவதே போதும். இன்னொரு தடவை காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

குழந்தைகளிடம் இந்தப் பதில்களை நம்ப முடியாது, அவர்கள் லென்ஸும் அடங்காது. அதனால் சொட்டு மருந்து விட்டுத் தசையை முழுதாகத் தளரவைத்து, கண்ணுக்குள் ஒளிக்கீற்றை அசைத்து, அது திரும்பி வரும் விதத்தைப் பார்த்தே பவரை அளப்பார்கள். மருந்தின் வேகம் தணிந்த பிறகு இன்னொரு நாள் வரச்சொல்லிச் சரிபார்ப்பார்கள். இரண்டாவது தடவை எதற்கு என்று அலுத்துக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, யாரிடம் போவது? கண் மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவம் படித்தவர், நோய்க்கும் அறுவைக்கும் அவர். ஆப்டோமெட்ரிஸ்ட், கடைசி ஆண்டுப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டு பார்வை அளவியல் படித்தவர். சென்னையில் சங்கர நேத்ராலயாவை ஒட்டி எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி 1985-இலேயே தொடங்கிவிட்டது, ஆனாலும் அந்தப் பெயர் நம்மில் பலருக்கு இன்னும் பழகவில்லை. கண்ணாடி செய்து பொருத்திக் கொடுக்கும் ஆப்டீஷியன் இன்னொருவர். இந்த மூவரையும் 'கண் டாக்டர்' என்றே அழைத்துவிடுகிறோம். மதுரை அரவிந்த் மருத்துவமனை போன்றவற்றின் கிராமத்துப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் பவர் பார்த்துவிட்டு, தேவையென்றால் வீடியோவில் மருத்துவரோடு இணைத்துவிடுவார்கள். அப்பாவை அப்படி ஒரு மையத்துக்குத்தான் பிறகு கூட்டிப்போனோம். இடத்தை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான்: கண்ணாடி அங்கே வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பவர் சீட்டைக் கையில் தருகிறார்களா?

திடீரென்று பார்வை போவது, மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிவது, கூட்டமாகப் புள்ளிகள் பறப்பது, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைப்பது, வலியோடு சிவப்பது, இவற்றுக்குக் கண்ணாடிக் கடை வாசலை மிதிக்கவே வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது வலியில்லாமல் ஓரப் பார்வையிலிருந்து திருடத் தொடங்கும் நோய், எழுத்துப் பலகை அதைக் காட்டிக்கொடுக்காது.

போகும்போது பழைய கண்ணாடியையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும். கான்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் வடிவத்தையே லேசாக மாற்றிவைக்கும் என்பதால், எத்தனை நாள் முன்பு கழற்ற வேண்டும் என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டியான லென்ஸுக்கு அதிக நாள் பிடிக்கும். ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டோ, பல மணி நேரம் செல்போனை முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டோ நேராகப் போய் உட்காராதீர்கள், முறுக்கிய தசை அளவைக் கெடுக்கும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள், தங்கள் வேலை எவ்வளவு தூரத்தில் நடக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்து கொண்டுபோவது நல்லது. பூக்கட்டுபவரின் கைக்கும் கணக்கு எழுதுபவரின் கம்ப்யூட்டருக்கும் ஒரே பவர் ஒத்துவராது. கண்மணியை விரிக்கச் சொட்டு விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் கலங்கும். வண்டி ஓட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்காமல் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை நிலையாகி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம். ஃப்ரேமை மாட்டிய பெண் பொறுமையாக லென்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு நல்லா இருக்காங்கய்யா, ரெண்டு நல்லா இருக்கா?" முதல் தடவை உடனே சொன்னவர், நாலாவது தடவை தயங்கி என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பலகையைப் பார்த்தபடி, "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு" என்றார்.

"சரிங்கய்யா" என்று எண்ணை எழுதிக்கொண்டு, அவள் இடது கண்ணுக்குப் போனாள்.