பேக்டிராப்: பின்னணியா, பின்புலமா, பின்திரையா?

செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணத்துக்குப் படமெடுக்க வருகிற தம்பிகள் உள்ளே நுழைந்ததும், "பேக்டிராப் எங்கே கட்டலாம்?" என்று கேட்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களை மறைத்துத் துணி கட்ட வீட்டாருக்கு மனசு வராது. எனக்கும் வராது. ஆனாலும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், துணி எதற்கு என்பதும் புரியும்.

இது நாடக மேடையில் பிறந்த ஆங்கிலச் சொல். 'பேக்' என்றால் பின்புறம். 'டிராப்' என்பது இங்கே மேலிருந்து இறக்கித் தொங்கவிடும் சீலை. மேடையின் பின்கோடியில் காடோ அரண்மனையோ எழுதித் தொங்கவிட்ட சீலைதான் பேக்டிராப். இங்கிலாந்து மேடைக்காரர்கள் இதையே பேக்கிளாத் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் போட்டோ ஸ்டுடியோக்களும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டன. அந்தக் காலத்துத் தகடுகளில் உருவம் பதிய ஏராளமான வெளிச்சம் வேண்டும். அதனால் கண்ணாடிக் கூரை போட்ட அறைக்கு ஆளை வரவழைத்தார்கள். ஆள் வந்துவிடலாம், வீடு வராதே! வீட்டைத் துணியில் எழுதினார்கள். எங்கள் பக்கத்து வளவுகளில், அதாவது முற்றம் வைத்த பெரிய வீடுகளில், பழைய படங்களை அண்ணாந்து பாருங்கள். சுற்றிலும் நிஜத் தூண்கள் நிற்க, சட்டத்துக்குள் ஐயா ஒருவர் துணியில் எழுதிய தூணுக்கு முன்னால் நிற்பார்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? நாடகக்காரர்கள் வாயில் புழங்கியது 'படுதா'. பாரசீகப் 'பர்தா' உருது வழியாக வந்து படுதா ஆனது. 'பின்னணி' என்று பலர் எழுதுகிறார்கள். அணி என்றால் வரிசை, படை வகுப்பு. முன்னே போவது முன்னணி, பின்னே வருவது பின்னணி. பாட்டுக்கும் இசைக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது, தொங்கும் துணிக்குப் பொருந்தவில்லை. 'பின்புலம்' என்பதில் புலம் என்றால் இடம், நிலம். ஆளுக்குப் பின்னே இயல்பாக இருக்கும் சுவர், மரம், தெரு, வானம் எல்லாம் பின்புலம்தான். ஆங்கிலத்தில் பேக்ரவுண்டு என்பதற்கு அது சரி. அப்புறம், 'படம்' என்ற சொல்லே பழைய அகராதிகளில் துணி, ஓவியம் எழுதிய சீலை என்று பொருள் தரும். படமும் துணியும் அவ்வளவு நெருக்கம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'எழினி'. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்குக்கு மூன்று வகைத் திரை சொல்லப்படுகிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது முதல் வகை. இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது இரண்டாவது. மேலே மறைந்திருந்து இறங்குவது மூன்றாவது. 'டிராப்' என்பதன் வேலையை அந்த மூன்றாவது அப்படியே செய்கிறது. அதற்கு முந்தைய அடி இன்னும் அழகு: "தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து". தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைத்தார்களாம். ஒளியமைப்பு பற்றி இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? அது நடந்த ஊர் காவிரிப்பூம்பட்டினம். தங்கள் முன்னோரின் ஊராகச் செட்டிநாட்டு நகரத்தார் சொல்வதும் அதைத்தான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பத்தா இதே பாடத்தை எனக்குச் சொன்னார். முற்றத்து வெயிலில் என்னைப் படமெடுக்க நிறுத்தியிருந்தார்கள். "தூண் நெழலு மூஞ்சியில விழுகுது ராசா, அங்கிட்டுத் தள்ளி நில்லு" என்றார். நான் நகரவில்லை. அந்தப் படத்தில் இன்றைக்கும் என் முகத்தில் பாதி கறுப்பாகத்தான் இருக்கிறது.

துணி கட்டக் கேட்கும் தம்பிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடிபோல் பளபளக்கும். ஃபிளாஷை நேராக அடித்தால் சுவரில் வெள்ளைத் திட்டு விழும். சுவரை ஒட்டி நின்றாலோ ஆளின் நிழல் பின்னால் அப்பிக்கொள்ளும். பளபளப்பில்லாத துணி கட்டி, அதிலிருந்து ஐந்தாறு அடி முன்னே ஆளை நிறுத்தினால் இரண்டு தொல்லையும் குறையும். கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைக்குப் பின்னே துணி ஒற்றை நிறமாக இருப்பது நல்லது.

எழினி அழகான சொல்தான். ஆனால் அது அரங்கை மறைக்கும் திரை, ஆளுக்குப் பின்னே நிற்பதல்ல. அதனால் பேக்டிராப்புக்கு நான் 'பின்திரை' என்றே எழுதுகிறேன். கேட்டதும் புரிகிறது, சொல்லவும் எளிது. இப்போது வெளியூர் மண்டபங்களில் செட்டிநாட்டுத் தூணையும் கதவையும் பிளெக்ஸில் அச்சடித்து மணமேடைக்குப் பின்னால் கட்டுகிறார்கள். அது பின்திரை. எங்கள் வளவில் அந்தத் தூணுக்கு முன்னாலேயே மணமக்களை நிறுத்தி எடுத்தால் அது பின்புலம்.