ஒழுங்காக மாத்திரை போட்டும் டிபி ஏன் அடங்கவில்லை?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பீடி சுற்றும் அவருடைய அக்காவுக்குக் காசநோய். இரண்டு மாதம் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போட்டும் சளியில் கிருமி இருக்கிறதாம். மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். "நீ ஒழுங்கா போட்டிருக்க மாட்டே" என்று வீட்டில் எல்லோரும் அக்காவையே குறை சொல்கிறார்கள். நிஜமாகவே போட்டவருக்கு இப்படி வருமா என்பது கேள்வி.

வரும். மருந்து கிருமியை மாற்றுவதில்லை. கிருமி பெருகும்போது அதன் மரபணுவில் தற்செயலாகப் பிழைகள் விழுகின்றன. டிபியின் முக்கிய மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிடை எதிர்க்கும் பிழை ஏறக்குறைய 10 லட்சம் கிருமிக்கு ஒன்றில், இன்னொன்றான ரிஃபாம்பிசினை எதிர்க்கும் பிழை 10 கோடிக்கு ஒன்றில், முதல் மாத்திரைக்கு முன்பே இருக்கும். நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, இந்தச் சில மட்டும் பெருகும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது அதுதான் நடந்தது. தேறியவர்களில் பலர் மறுபடி படுத்தார்கள். இரண்டு மருந்தையும் சேர்த்து எதிர்க்கும் கிருமி கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமி ஓர் உடம்பில் இருக்காது. கூட்டு மருந்து கொடுப்பது அதனால்தான்.

பாதியில் நிறுத்தினால் எதிர்ப்பு வளரும் என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே எதிர்ப்புள்ள கிருமி யாரோ ஒருவரின் இருமலிலிருந்து நேராக வந்திருந்தால் அக்கா என்ன செய்வார்? அவர்மேல் பழி போடுவது அநியாயம்.

இதை முதல் நாளே கண்டுபிடிக்க முடியும். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ரிஃபாம்பிசினை எடுத்துக்கொள்வோம். கிருமி புரதம் செய்ய, டிஎன்ஏவில் ஏ, சி, ஜி, டி என்ற எழுத்துகளால் குறிக்கும் வரிசையைப் பார்த்து ஆர்என்ஏ இழையைக் கோர்க்க வேண்டும். கோர்க்கும் நொதிக்குள், இழை வெளியே வரும் வழியிலேயே ரிஃபாம்பிசின் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு மூன்று எழுத்து கோர்த்ததும் இழை முட்டிக்கொண்டு நிற்கிறது. கிருமியின் மொத்த மரபணுத் தொகுதி 44 லட்சம் எழுத்து. ரிஃபாம்பிசின் எதிர்ப்புப் பிழைகளில் சுமார் 95 சதவீதம் அதில் வெறும் 81 எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. அடிக்கடி காண்பது ஒரே ஓர் எழுத்து: 'சி' இருந்த இடத்தில் 'டி'. அதனால் நொதியில் செரைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் வந்து, மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போகிறது.

நம் ஊரில் சிபிநாட் என்று சொல்லும் ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனை தேடுவது இந்த 81 எழுத்தைத்தான். சளியை மருந்து நீரில் கலந்து, 15 நிமிடம் வைத்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றி மூடிவிடுவார்கள். மீதியை எந்திரம் பார்த்துக்கொள்ளும். அது கிருமியை உடைத்து, அந்தப் பகுதியைக் கோடிக்கணக்கில் படியெடுக்கும். உள்ளே ஐந்து சிறு டிஎன்ஏ துண்டுகள் காத்திருக்கும். ஒவ்வொன்றும் ஏலகிரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி மடங்கி இருக்கும். ஒரு முனையில் ஒளிரும் மூலக்கூறு, மறு முனையில் அந்த ஒளியை விழுங்கும் மூலக்கூறு. மடங்கியிருக்கும்வரை ஒளி இல்லை. தனக்குச் சரியாகப் பொருந்தும் எழுத்து வரிசை கிடைத்தால் மட்டுமே துண்டு நிமிர்ந்து ஒட்டும், முனைகள் விலகும், ஒளி வரும். ஐந்தும் சேர்ந்து 81 எழுத்தையும் மூடுகின்றன. ஐந்தும் ஒளிர்ந்தால் ரிஃபாம்பிசின் வேலை செய்யும். நான்கு ஒளிர்ந்து ஒன்று மட்டும் இருண்டிருந்தால், அங்கே எழுத்து மாறியிருக்கிறது. வராத ஒளியை வைத்து நோயைப் படிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு அலுப்பதே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதை 2010இல் பரிந்துரைத்தது.

இதற்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ஐசோனியாசிட் எதிர்ப்பு வேறு மரபணுக்களில் இருக்கிறது. ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்று முடிவு வந்தாலும் அதை மட்டும் நம்பி விடக்கூடாது. அந்த மரபணுக்களையும் பார்க்கும் லைன் புரோப் பரிசோதனைக்கும் சளி போக வேண்டும். தவறவிட்டால், வழக்கமான 6 மாத சிகிச்சையின் பின் நான்கு மாதங்களில் ரிஃபாம்பிசின் ஏறக்குறையத் தனியாகப் போராட வேண்டியிருக்கும். அது எதில் முடியும் என்று மேலே பார்த்தோம்.

மருந்துக் கடையில் இருமலுக்கு லெவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கி நான்கு நாள் போடுவதும் ஒற்றை மருந்து வைத்தியமே. இருமல் கொஞ்சம் அடங்கும், நோய் மறைந்துகொள்ளும், அந்த மருந்தை எதிர்க்கும் கிருமி உள்ளே பெருகும். சீட்டில்லாமல் அதை விற்பதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஏனென்றால் இன்று அக்காவைக் காப்பாற்றக்கூடிய கூட்டு மருந்தான பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் ஆகிய நான்கில் கடைசியானது அதே குடும்பம். முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்ட சிகிச்சை, காதைச் செவிடாக்கும் ஊசிகளோடு. இப்போது 6 மாதம், எல்லாம் மாத்திரை. இந்தியா இதை 2024இல் ஏற்றது. ரிஃபாம்பிசின் 1960களின் மருந்து, பெடாகுவிலினுக்கு அனுமதி கிடைத்தது 2012இல். இடையில் இத்தனை ஆண்டு போனதற்கு, இது ஏழைகளின் நோய் என்பதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அக்கா வீட்டில் குழந்தைகள் இருந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும். அவர்களுக்கு எந்த மருந்து என்பது அக்காவின் கிருமியைப் பொறுத்தது. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க மட்டும் சிபிநாட் உதவாது. செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதில் ஒளிரும். அதற்கு மாதாமாதம் சளியைக் கொடுத்து, கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வாரக்கணக்கில் காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.