"இன்னும் ஏறலையே" என்று அடுத்ததைப் போட்டவர்கள்

1967 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் எஸ்.டி.பி. என்ற பெயரில் ஒரு மாத்திரை உலவியது. படிப்பையும் வீட்டையும் விட்டுவிட்டு ஹிப்பி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து குவிந்த வருடம் அது. மாயக்காட்சிகளைக் காட்டும் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை கலிபோர்னியா அரசு 1966 அக்டோபரிலேயே தடை செய்திருந்தது. அதற்காக யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை. புதுசாக ஒன்று வந்திருக்கிறது என்றதும் கை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். காரில் ஊற்றும் எண்ணெய்க் கலவை ஒன்றின் பெயரும் எஸ்.டி.பி.தான். அதைக் கேட்டாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்கலாம்!

மாத்திரைக்குள் இருந்தது டி.ஓ.எம். என்ற ரசாயனம். டௌ கெமிக்கல் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த அலெக்சாண்டர் ஷுல்கின் 1963இல் உருவாக்கியது. 3 மில்லிகிராமைத் தாண்டினாலே இல்லாததெல்லாம் கண்ணில் தெரிய ஆரம்பிக்கும். தெருவுக்கு வந்த முதல் மாத்திரைகளில் இருந்ததோ 20 மில்லிகிராம்.

அளவை விடப் பெரிய வில்லங்கம் அதன் வேகத்தில் இருந்தது. எல்.எஸ்.டி. பழகியவருக்கு அரை மணி, முக்கால் மணியில் ஏதாவது தெரிய வேண்டும். டி.ஓ.எம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருக்கும். உச்சத்தைத் தொட மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். "ஒண்ணும் ஏறலையே, ஏமாத்திட்டான்" என்று இன்னொன்றை விழுங்கியவர்கள் பலர். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறின. எல்.எஸ்.டி. என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆள் தரைக்கு வந்துவிடுவார். இது பதினான்கு, இருபது மணி நேரம் இழுக்கும். அந்த மாதிரி நேரத்தில் மனிதனை உலுக்கும் பயம் ஒன்றே ஒன்றுதான்: "இனி நான் பழையபடி ஆகவே மாட்டேன்."

மருத்துவமனைகளில் அப்போது வழக்கமான கைவைத்தியம் குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்தின் ஊசி. எல்.எஸ்.டி. பயத்துக்கு அதைப் போட்டுப் பழகிய கை, இதற்கும் போட்டது. சிலருக்கு நிலைமை மோசமானது என்று பேச்சு பரவியது. பின்னர் சிறிய அளவில், கட்டுப்பாட்டுடன் செய்த ஆய்வில் அந்த ஊசி எஸ்.டி.பி.யின் விளைவைக் கூட்டவில்லை. என் கணிப்பில், தெருவில் வாங்கிய மாத்திரைக்கும் ஆய்வுக்கூட மாத்திரைக்கும் உள்ள தூரம் அது. உள்ளே போனது என்ன, எவ்வளவு, கூட வேறு எது என்று தெரியாமல் கொடுக்கும் எந்த மருந்தும் இருட்டில் வீசும் கல்தான். குளோர்ப்ரோமசின் ரத்த அழுத்தத்தை இறக்கும், வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். ஊமத்தை வகைச் சரக்கு கலந்திருந்தால் குழப்பத்தை இன்னும் ஆழமாக்கும்.

அதே 1967 ஜூன் 7ஆம் தேதி கிளேட்டன் தெருவில் டேவிட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் ஓர் இலவச மருத்துவமனையைத் திறந்தார். மிரண்டு வந்தவர்களை அங்கே சத்தமில்லாத அறையில் உட்காரவைத்து, ஒரே ஆள் கூடவே இருந்து, மெல்லப் பேசிப் பேசியே இறக்கினார்கள். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவுக்கு நான்கு லட்சம் பேர் திரண்டபோது, 'பிரவுன் ஆசிட்' என்று அங்கே உலவிய எல்.எஸ்.டி. சரக்கு சரியில்லை என்று மேடையிலிருந்தே எச்சரித்தார்கள். ஹாக் ஃபார்ம் என்ற, கூட்டாக வாழும் கம்யூன்காரர்கள் போட்டிருந்த கூடாரத்தில் இன்னொன்றும் நடந்தது. தெளிந்து எழுந்தவரிடம், புதிதாக அலறிக்கொண்டு வருபவரைக் காட்டி, "கொஞ்ச நேரம் முன்னால நீ இப்படித்தான் இருந்தே, இனி நீ பார்த்துக்கோ" என்று ஒப்படைத்தார்கள். மனநல மருத்துவனாக எனக்கு இதில் பொறாமையே உண்டு. தெளிந்து வந்த ஒருவரின் முகத்தைப் பார்ப்பதில் கிடைக்கும் தைரியத்தை எந்த ஊசியிலும் அடைக்க முடியாது.

இதை இங்கே எழுதக் காரணம், அந்தப் பழைய கதை பெயர் மாறி எங்கள் வார்டுக்கு வந்துகொண்டே இருப்பதுதான். எல்.எஸ்.டி. தோய்த்தது என்று விற்கும் சின்னத் தாளைப் பையன்கள் 'ஸ்டாம்ப்' என்கிறார்கள். அதில் எல்.எஸ்.டி.தான் இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது. என்-பாம் என்ற வகை ரசாயனத்தை அதே மாதிரித் தாளில் தோய்த்து, எல்.எஸ்.டி. என்று சொல்லி விற்று, பல நாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. கொடைக்கானல் போய் போதைக் காளான் தின்பவர்களும் "இன்னும் ஏறலையே" என்றுதான் அடுத்த பிடியை எடுக்கிறார்கள்.

அடையாளங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். இரவில் நண்பர்கள் ஒரு பையனைக் கொண்டுவந்து "ஹோட்டல்ல சாப்பிட்டது ஒத்துக்கல சார்" என்றார்கள். கண்ணின் பாப்பா விரிந்து கருப்பு மட்டும்தான் தெரிந்தது. உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். "மணி என்ன?" என்பான், சொன்னால், அடுத்த நிமிடமே மறுபடி "மணி என்ன?" அவனுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு ராத்திரி. வந்து சேர்ந்த அம்மா, "எங்க மானத்தையே வாங்கிட்டியேடா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் சுவரோடு ஒண்டினான். அவரைத் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே உட்காரவைத்தோம். கூட வந்த அத்தைதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல சாமி, அத்தை இங்கதான் இருக்கேன். அது மருந்தோட வேலை, விடியறதுக்குள்ள இறங்கிரும்" என்று அதே வாக்கியத்தை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கைக் குறைத்தோம். பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபாம் கொஞ்சம் போதுமானதாக இருந்தது.

வீட்டில் மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம், மிரண்டிருப்பவருக்குப் புரையேறும். கட்டிப்போடவோ, மேலே ஏறி அமுக்கவோ கூடாது. மாடி, கிணறு, சாலைப் பக்கம் போகவிடாமல் ஒருவர் கூடவே இருந்தால் போதும். ஆனால் உடம்பு கொதித்தால், வலிப்பு வந்தால், கைகால் விறைத்தால், நெஞ்சு வலித்தால், கூப்பிட்டும் எழாவிட்டால் பேசிக்கொண்டிருக்கும் நேரமல்ல அது. உடனே 108. என்-பாமும் டி.ஓ.எம்.மும் ரத்தக்குழாயைச் சுருக்கி உடம்பையே அடிக்கும். மனப்பயத்தோடு அவை நிற்பதில்லை.

"ஹோட்டல் சாப்பாடு" என்ற பொய்க்குப் பின்னால் இருப்பது போலீஸ் பயம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானதுதான், எல்.எஸ்.டி.யில் வெறும் 0.1 கிராமே வணிக அளவு, அதாவது பெரிய தண்டனைக்குரிய அளவு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்து அதை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. எது எப்படியோ, என்ன போட்டான், எப்போது, எத்தனை என்ற மூன்றையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மிச்சத் தாளோ கவரோ இருந்தால் அதையும் காட்டுங்கள். பழக்கமாகிவிட்டிருந்தால் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

பெற்றோர்கள் ஏமாறும் இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. சரக்கு இறங்கி இரண்டு மூன்று நாள் ஆன பின்னும் பையன் தூங்காமல் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்றால், யாரோ காதில் பேசுவதாகச் சொன்னால், "அந்த மாத்திரையோட மிச்சம், தானா போயிரும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்திருந்தால், அந்த ஒரு ராத்திரி உள்ளே உறங்கிக்கிடந்த நோயை எழுப்பிவிட்டிருக்கக்கூடும். அப்படி இருந்தால் அந்த வாரமே கூட்டி வாருங்கள். தாத்தா, சித்தப்பா யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பேன். அதையும் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.