சாப்பா: காசின் மேல் வணிகர் குத்திய பொறி

சாப்பா என்றால் முத்திரை. 'சாப்பா குத்துதல்' என்பது பழைய வழக்கு. இப்போது பேச்சில் அருகிவிட்டது. பழங்காசு சேர்ப்பவர்கள் மட்டும் அதே சொல்லை 'சாப் மார்க்' என்று ஆங்கில உடையில் புழங்குகிறார்கள்.

வேர் இந்தியின் 'சாப்'. அச்சு, பதிவு என்று பொருள். வணிகரோடு கப்பலேறிய இச்சொல் மலாயில் முத்திரைக்கும் வணிகக் குறிக்கும் இன்றும் வழங்குகிறது. கீழைத் துறைமுகங்களில் அதை ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டார்கள். சீனக் கடைக்காரர் வெள்ளிக்காசில் குத்திய குறிக்கு இந்தியப் பெயர் வந்தது இப்படித்தான்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் தேயிலைக்கும் பட்டுக்கும் விலையாக மெக்சிகோவில் அடித்த ஸ்பானிய வெள்ளிக் காசு சீனத்தின் கான்டன் துறைமுகத்தில் வந்து குவிந்தது. சீனத்தில் வெள்ளி எடைக்குத்தான் போகும். காசில் உள்ள அரசன் தலை மட்டும் அங்கே வெள்ளிக்குப் பிணையாகாது. வாங்கிய கடைக்காரரோ காசுமாற்றுபவரோ வெள்ளியைச் சோதித்து, சரியென்றால் தம் குறியை அதன் மேல் குத்துவார். அடுத்த கையில் அடுத்த குத்து. குத்துப்பட்டே கிண்ணம்போல் குழிந்த காசுகள் உண்டு. 420 கிரெய்ன் (ஏறக்குறைய 27 கிராம்) எடையில் அமெரிக்கா 1873 முதல் ஆசிய வணிகத்துக்கென்றே அடித்த வணிக டாலரும் இந்தக் குத்துகளுக்குத் தப்பவில்லை. இவற்றைச் சேதம் என்று ஒதுக்கியவர்கள் பலர். எனக்கு அது ஒப்புதலில்லை. அரசன் சொல்லை நம்பாத கடைவீதி எழுதிய தீர்ப்பு அது.

சோதித்தவரின் பெயரும் பயணப்பட்ட சொல்தான். அரபியின் 'சர்ராஃப்' தமிழில் சராப்பு ஆனது, ஆங்கிலத்தில் 'ஷ்ராஃப்' ஆனது. ஹாங்காங்கில் வண்டி நிறுத்துமிடத்தில் பணம் கட்டும் கூண்டின் மேல் இன்றும் அந்தப் பலகை தொங்குகிறது. நமக்கோ சங்க காலத்திலேயே 'வண்ணக்கன்' இருந்தான். காசு நோட்டம் பார்ப்பவன். புறநானூற்றின் 172ஆம் பாட்டைப் பாடியவர் வடம வண்ணக்கன் தாமோதரனார். இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்க, 'நாணயப் பரிசோதகர்' என்று ஏன் நீட்ட வேண்டும்?

காசில் உள்ள குத்தெல்லாம் சாப்பா ஆகிவிடாது. நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ரைம் பிராஷர் அயல்நாட்டுப் பொற்காசுகளில் குத்திய 'ஈ.பி.' எடைக்கும் தரத்துக்கும் பிணை. அதைச் சாப்பாவின் உறவு எனலாம். பால்டிமோரில் ஹூக் என்பவரின் 'பனேசியா' மருந்துப் பெயரை அரை டாலரில் குத்தியது வெறும் விளம்பரம். ஸ்காட்லாந்தின் ராத்சே பஞ்சாலை ஸ்பானிய டாலரில் 4 ஷில்லிங் 6 பென்ஸ் என்று குத்தியதோ விலைக்குறி.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தமிழில் என்ன சொல்வது? ஆங்கிலத்தின் 'கவுண்டர்மார்க்'கைப் பெயர்த்து 'எதிர்முத்திரை' என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் குறி எதையும் எதிர்க்கவில்லையே! 'முத்திரைக் காசு' என்பதும் உதவாது. மௌரியர் காலத்திலும் அதற்கு முன்பும் புழங்கிய வெள்ளித் துண்டுகளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர் பொதிகளில் 'புலி பொறித்து' வெளியே அனுப்புகிறார்கள். அந்தப் பொறியையே எடுத்துக்கொண்டால், முன்பே அச்சிட்ட காசின் மேல் பிறகு விழுந்தது 'மேற்பொறி'. வணிகன் குத்தியது வணிகர் மேற்பொறி, கொல்லன் குத்தியது கொல்லர் மேற்பொறி. சீனக் கடைவீதியின் குத்துக்கு மட்டும் சாப்பா என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றை மட்டும் இதில் கலக்கக் கூடாது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளிவெட்டு இருக்கிறது. அதில் எழுத்தும் இல்லை, குறியும் இல்லை. யாருடைய அடையாளத்தையும் அது தாங்கவில்லை. அதை வெட்டுக்காசு என்றே எழுதலாம்.