கசியவிட்டுக் கட்டிய அணை

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், பெர்வின் மலைகளின் மடியில், லன்வுதின் என்று ஒரு சிற்றூர். எழுத்தில் இப்படி வந்தாலும் உள்ளூர்க்காரர்கள் உச்சரிப்பது வேறு மாதிரி. நாக்கை ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் ஓரமாகக் காற்றை ஊத வேண்டும். ழகரத்தை வைத்து வெளியூர்க்காரர்களை மிரட்டும் நமக்கு அங்கே சரியான பதிலடி கிடைக்கும். ‘லன்’ என்றால் தேவாலயமும் அதைச் சுற்றியுள்ள மனையும். வுதின் என்பது அங்கே வாழ்ந்ததாகச் சொல்லப்படும் துறவியின் பெயர்.

அந்தத் துறவியின் ஊர் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. 37 வீடுகள், 10 பண்ணை வீடுகள், ஒரு தேவாலயம், இரண்டு ஜெபக்கூடங்கள், மூன்று மதுக்கடைகள். அவ்வளவுதான் ஊர். 1880களில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று வெர்னுவி ஆற்றை மறித்தார்கள். பழைய கல்லறைத் தோட்டத்தில் கிடந்தவர்களைக்கூடத் தோண்டியெடுத்துப் புதுத் தேவாலயத்தின் பக்கத்தில் மறுபடி புதைத்தார்கள். இப்போது லன்வுதின் என்ற பெயரில் இருப்பது, ஊரை விட்டவர்களுக்காக அணையின் கீழ்ப்புறம் கட்டிய புது ஊர். அதாவது, தங்கள் பழைய ஊரை மூழ்கடித்த தண்ணீர் தலைக்கு மேலே நிற்க, அதன் காலடியில் குடியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கல் சுவர்.

அது எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் கதை. ஆனால் அதற்கு முன் பனியுகத்துக்குப் போக வேண்டும்.

ஜார்ஜ் டீக்கன் லிவர்பூல் நகரத்தின் பொறியாளர். வெர்னுவிப் பள்ளத்தாக்கில் அவர் கண்ணில் பட்டது, தரையின் தட்டையான அமைப்பு. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக இறங்குகிறது. அடியிலோ மேசை போலச் சமதரை, ஈரச் சதுப்பு, நடுவே வளைந்து வளைந்து போகும் ஆறு. ஒரு காலத்தில் அங்கே ஏரி இருந்திருக்க வேண்டும். பனியாறு மலையைச் சுரண்டிக்கொண்டு இறங்கும்போது எல்லா இடத்தையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதில்லை. மென்மையான இடத்தில் ஆழமாகத் தோண்டும், கெட்டிப் பாறை வந்தால் மேலேறிப் போகும். பனி உருகிய பிறகு அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும், வண்டல் படிந்து படிந்து ஏரி தூர்ந்துவிடும். குழி இருந்தால் அதற்கு ஓர் உதடும் இருந்தாக வேண்டும். டீக்கன் தேடியது அந்த உதட்டை. பள்ளத்தாக்கு நெடுகத் துளை போட்டுப் பார்த்ததில், ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கு குறுகும் ஓர் இடத்தில் பாறை மேலெழும்பிக் குறுக்கே கிடப்பது தெரிந்தது. அணை இன்று அந்தப் பாறை வரம்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பனி தோண்டி, வண்டல் தூர்த்த ஏரியை மனிதர்கள் மறுபடி நிரப்பினார்கள் என்றும் சொல்லலாம். வேலை தொடங்கியது 1881இல். தண்ணீர் தேங்கத் தொடங்கியது 1888 நவம்பரில்.

அன்றைய பிரிட்டனில் அணை என்றாலே மண் அணைதான். கல்லில் பெரிய அணை கட்டிப் பழக்கமில்லை. மண் அணை உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருந்தார்கள். 1864இல் ஷெஃபீல்டு பக்கத்தில் டேல் டைக் அணை உடைந்து 240 பேருக்கு மேல் ஒரே இரவில் போனார்கள். வெர்னுவியில் கீழே கெட்டிப் பாறை கிடைத்துவிட்டதால் கல்லுக்குத் துணிந்தார்கள். டீக்கனோடு சேர்ந்து பொறுப்பேற்றவர் தாமஸ் ஹாக்ஸ்லி, அந்தக் காலத்தில் தண்ணீர் வேலையில் பெரிய பெயர். இருவருக்கும் ஒத்துப்போகாமல் 1885இல் ஹாக்ஸ்லி விலகிக்கொண்டார்.

சரி, சுவருக்கு வருவோம். நீளம் 357 மீட்டர், அஸ்திவாரத்தின் அடியிலிருந்து தண்ணீர் வழியும் விளிம்பு வரை 44 மீட்டர், அடியில் தடிமன் 39 மீட்டர். ஏரியின் ஆழம் 26 மீட்டர்தான். மிச்சம் 18 மீட்டர் தரைக்குள் புதைந்து பாறையைத் தொடுகிறது. வளைவு கிடையாது, கம்பி கிடையாது. மலைகளுக்கு நடுவே நேராகப் போட்ட முக்கோணக் கல் மேடு. தன் எடையால் மட்டும் நிற்கும் அணை. கனமான ஒரு பொருளைத் தள்ள முடியாது என்பதற்கு மேல் இதில் வேறு தந்திரம் எதுவும் இல்லை.

ஏரி ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு தண்ணீரும் சேர்ந்து சுவரைத் தள்ளுகிறது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. தண்ணீரின் அழுத்தத்துக்கு ஆழம் மட்டும்தான் தெரியும், நீளம் தெரியாது. ஏரி 7 கிலோமீட்டர் நீண்டாலும் சரி, சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் நின்றாலும் சரி, ஆழம் ஒன்றாக இருந்தால் தள்ளும் விசையும் ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கேக்கில் துண்டு போடுவது போல அணையில் ஒரு மீட்டர் அகலத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தண்ணீர் அஸ்திவாரத்தின் அடி வரைக்கும் இறங்கி நின்று தள்ளுகிறது என்று மோசமாகவே வைத்துக்கொள்வோம். மேலே அழுத்தம் பூஜ்யம், 44 மீட்டர் அடியில் சதுர மீட்டருக்கு 44 டன், சராசரி 22 டன். உயரம் 44 மீட்டர் என்பதால் மொத்தத் தள்ளுவிசை 968 டன். எதிரே நிற்கும் எடை எவ்வளவு? துண்டை முக்கோணமாக எடுத்துக்கொண்டால் 858 கன மீட்டர் கல். கன மீட்டருக்கு இரண்டரை டன் என்றால் ஏறக்குறைய 2,145 டன். தள்ளுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கவலையே இல்லை என்று தோன்றுகிறதல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பொறியாளர்கள் கணக்கை இங்கேயே முடித்துக்கொண்டார்கள்.

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு ஒன்று தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கனமே தெரியாது. மேலே வந்த பிறகுதான் கை வலிக்கும். தண்ணீர் தனக்குள் இருக்கும் பொருளைக் கீழிருந்து தூக்கிக் கொடுக்கிறது. அணைக்கு அடியிலும் தண்ணீர் புகுந்தால் அதையேதான் செய்யும்.

எப்படிப் புகும் என்று கேட்கலாம். பாறை என்றாலும் அதில் மயிரிழை விரிசல்கள் உண்டு. கல்லும் பாறையும் சேரும் இடத்தில் எவ்வளவு சாந்து போட்டாலும் எங்காவது நூலளவு இடைவெளி இருக்கும். ஏரிப் பக்கம் 44 டன் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் அந்த இடைவெளியில் நுழையும். படலம் காகிதத்தைவிட மெல்லியதாக இருக்கலாம், அது பொருட்டே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் லாரியைத் தூக்கும் ஜாக்கியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதா முக்கியம்? அழுத்தமும் பரப்பும்தான். அணைக்கு அடியிலோ பரப்புக்குப் பஞ்சமே இல்லை. நம் துண்டுக்கே 39 சதுர மீட்டர். ஏரிப் பக்கம் 44 டன்னில் தொடங்கி மறுபக்கம் பூஜ்யத்துக்குக் குறைகிறது என்று வைத்தால் சராசரி 22 டன். ஆக, அணையைக் கீழிருந்து மேலே தூக்கும் விசை 858 டன்.

2,145 டன் எடையில் 858 டன் காணாமல் போனது. மிச்சம் 1,290 டன்னுக்குச் சற்றுக் கீழே. 968 டன்னை அதுதான் சமாளிக்க வேண்டும். வெர்னுவி பருமனான அணை என்பதால் இந்தக் கணக்கிலும் தப்பித்துவிடும். மெலிந்த அணை என்றால் தப்பாது.

இது ஏட்டுப் பயம் அல்ல. பிரான்ஸில் பூஸே என்ற இடத்தில் ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு கல் அணை கட்டினார்கள், சிக்கனமாக, ஒல்லியாக. 1884இல் சுவரின் ஒரு பகுதி இருந்த இடத்திலிருந்து நகர்ந்தது. பழுது பார்த்து மறுபடி நிரப்பினார்கள். 1895 ஏப்ரல் 27 அன்று மேற்பாகம் அப்படியே பிய்ந்துகொண்டு போனது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவருக்குள் விரிசலில் புகுந்த தண்ணீர் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. மேல்நோக்கு அழுத்தம் என்ற சொல் ஐரோப்பியப் பொறியாளர்களின் கணக்கில் ஒழுங்காக இடம்பிடித்தது இதற்குப் பிறகுதான்.

வெர்னுவி அணை அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடிந்துவிட்டது. அதன் அடியில், பாறையின் மேல், வடிகால்கள் இருக்கின்றன. பாறையிலிருந்து கசிந்து வரும் தண்ணீரை வாங்கி, அணைக்குள் போகும் சிறு சுரங்கத்தின் வழியாகக் கீழ்ப்பக்கம் வெளியே விட்டுவிடும் ஏற்பாடு. உலகத்திலேயே முதல் முறை என்று அணை வரலாறு எழுதுபவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். கசிவைத் தடுக்க முடியாது, சரி, வழி விட்டுவிடுவோம். உள்ளே அடைபட்டு அழுத்தம் சேராமல் இருந்தால் போதும். தோட்டத்து ஓஸின் முனையை விரலால் அடைத்தால் ஓஸ் விறைத்துக்கொள்கிறது. நடுவில் ஓர் ஓட்டை போட்டால் தளர்ந்துவிடுகிறது. அதே விஷயம்.

இந்த யோசனை டீக்கனுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் கசிவை வைத்தே பெயர் வாங்கியவர். 1873இல் லிவர்பூல் தெருக்குழாய்களுக்காகத் தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஒரு மீட்டர் கண்டுபிடித்தார். ஊரே தூங்கும் நடுராத்திரியிலும் ஒரு பகுதிக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைத் தாளில் கோடு போட்டுக் காட்டிவிடும் கருவி அது.

கசிவுக்கு வழி விட்டவர் கசியும்படி கட்டியவர் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டுமானத்தில் அவர் காட்டிய கறார்தனம் கொத்தனார்களை வெறுப்பேற்றியிருக்கும். பக்கத்துக் குவாரியிலிருந்து வந்த கற்களில் பலவும் டன் கணக்கில் எடை. ஒவ்வொன்றையும் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவித்தான் மேலே அனுப்பினார்கள். தூசி ஒட்டிய கல்லில் சாந்து பிடிக்காது, பிடிக்காத இடத்தில் தண்ணீர் நுழையும். நீராவிக் கிரேன் கல்லைச் சாந்துப் படுக்கையில் இறக்கியதும், சாந்து நாலாபக்கமும் பிதுங்கும்வரை மேலே அடித்து உட்கார வைத்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சின்னக் கற்களையும் கான்கிரீட்டையும் திணித்துக் குத்தினார்கள். போர்ட்லாண்ட் சிமென்ட் லன்வில்லின் ரயில் நிலையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் மலையேறியது. வேலை நடந்த ஆண்டுகளில் இறந்துபோன தொழிலாளர்களுக்கு அங்கே ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. 44 பேர்.

நம் பக்கம் முல்லைப் பெரியாறு அணை எழுந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1887 முதல் 1895 வரை. அதுவும் எடையால் நிற்கும் அணை. 1980களில் அதைப் பலப்படுத்தியபோது உச்சியில் கான்கிரீட் ஏற்றியது, கம்பி வடங்களால் பாறையோடு இழுத்துக் கட்டியது, பின்புறக் கான்கிரீட்டோடு வடிகால் சுரங்கம் அமைத்தது எல்லாமே நாம் மேலே போட்ட கணக்கின் இரண்டு பக்கங்கள்தான். எடையைக் கூட்டு, அடியிலிருந்து தூக்குவதைக் குறை.

வெர்னுவியில் பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பது வேறு இரண்டை. ஒன்று, மழைக்காலத்தில் அணை வழியும் காட்சி. பக்கத்தில் தனிக் கலிங்கு வைக்காமல் அணையின் உச்சி மேலேயே தண்ணீரை வழியவிட்டார்கள். மேலே வளைவுகளின் மீது சாலை போகிறது. வளைவுகளுக்கு அடியில் வெள்ளம் நுரைத்துக்கொண்டு கல் முகத்தில் இறங்குகிறது. மண் அணையில் இப்படிச் செய்தால் மறுநாள் அணை இருக்காது.

இன்னொன்று, ஏரிக்குள் நிற்கும் கோபுரம். தேவதைக் கதையில் இளவரசியை அடைத்து வைக்கும் கோபுரம் போலவே இருக்கும், பச்சைபிடித்த செப்புக் கூரையோடு. உண்மையில் அது வடிகட்டும் கோபுரம். நம் ஏரிகளில் குமிழித் தூம்பு என்ற பழைய மதகு நின்றதே, மேலே நீரோடித் துளையும் கீழே சேறோடித் துளையுமாக, கிட்டத்தட்ட அந்த அறிவுதான். கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகி, அடியில் குளிர்ந்த தண்ணீர் தனியாகப் பிரிந்துகிடக்கும். அடித்தண்ணீரில் பிராணவாயு குறைந்து, வண்டலிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரையத் தொடங்கும். குடிக்க ஆகாது. அதனால் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மேல்தண்ணீரையே எடுக்கும்படி கோபுரத்தை அமைத்து, உள்ளே மெல்லிய உலோக வலையில் வடிகட்டி அனுப்பினார்கள்.

அங்கிருந்து லிவர்பூல் பக்கத்துப் பிரெஸ்காட் நீர்த்தேக்கங்களுக்கு 110 கிலோமீட்டர். பம்ப் கிடையாது. ஏரி கடல் மட்டத்திலிருந்து 252 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அது போதும். கொத்தனார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ட்யூபைப் பிடிப்பாரே, நடுவில் ட்யூப் எவ்வளவு தொங்கினாலும் மறுமுனையில் தண்ணீர் ஏறி வந்துவிடும். குழாய் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறிப் போவது அப்படித்தான். வழியில் அழுத்தத்தைச் சமாளிக்கக் குன்றுகளின் மேல் தொட்டி வைத்தார்கள். நார்ட்டன் என்ற ஊரில் போதிய உயரத்துக்குக் குன்று இல்லை. ஆகவே 1892இல் கோட்டை போல ஒரு கல் கோபுரம் கட்டி அதன் தலையில் தொட்டியை வைத்தார்கள்.

லிவர்பூலின் தாகம் அதோடு அடங்கவில்லை. 1965இல் அதே நகரத்துக்காகத் திரிவெரின் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்ற இன்னொரு வேல்ஸ் ஊர் முழுகியது. அது வேல்ஸ் அரசியலையே மாற்றிய கதை. 2005இல்தான் லிவர்பூல் நகரசபை அதற்கு மன்னிப்புக் கேட்டது. லன்வுதினுக்காக அவ்வளவு குரல் எழுந்ததில்லை.

2022 கோடை வறட்சியில் வெர்னுவி ஏரி வற்றி, பழைய ஊரின் சுவர் அடிகள் சேற்றில் தலைகாட்டின. ஆட்கள் நடந்து போய்ப் பார்த்தார்கள். மழை வந்ததும் மறுபடி மூடிக்கொண்டது.

பிரிட்டனின் 1975ஆம் ஆண்டு நீர்த்தேக்கச் சட்டப்படி, இப்படிப்பட்ட அணைகளைப் பத்தாண்டுகளுக்கு மிகாமல் வெளியாள் பொறியாளர் ஒருவர் வந்து சோதிக்க வேண்டும். எடையால் நிற்கும் எந்த அணையானாலும் அவர் விசாரிப்பதில் முக்கியமானது, வடிகாலில் வரும் தண்ணீர் எவ்வளவு, போன முறை எவ்வளவு, தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்பது. கூடினால் யோசிப்பார். ஏரி நிறைந்திருக்கும்போது காரணமே இல்லாமல் குறைந்தால் இன்னும் அதிகமாக யோசிப்பார். வடிகால் அடைத்துக்கொண்டதா, அந்தத் தண்ணீர் அடியில் எங்கே சேர்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும்.