ஐடென்டிட்டி: அடையாளமா, தன்மையா?

என் பெரியம்மா நாற்பது ஆண்டுக்கு மேல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை பார்த்தவர். கண்ணி கண்ணியாக வெள்ளியைக் கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்த கை அது. நெருப்பிலும் அமிலத்திலும் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் அவருக்குக் கைரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள், அழுத்தி வைக்கச் சொன்னார்கள், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அங்கிருந்த பையன் கேட்டான்: "ஏம்மா, இது நீங்கதான்னு என்ன அடையாளம்?"

பெரியம்மா சொன்னார்: "நான் நானாத்தானே சாமி இருக்கறேன். பொறந்ததுல இருந்து அதே ஆளுதான்."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு 'ஐடென்டிட்டி' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனபோதுதான், அந்தப் பையன் கேட்டது ஒன்று, பெரியம்மா சொன்னது வேறொன்று என்று விளங்கியது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. அதைப் பார்த்து நாமும் இரண்டுக்கும் 'அடையாளம்' என்றே எழுதிவருகிறோம். அது போதாது என்பதே இங்கே நான் சொல்ல வந்தது.

லத்தீனில் 'இதெம்' என்றால் 'அதே'. அதிலிருந்து பிற்கால லத்தீனில் 'இதென்டிடாஸ்' பிறந்தது, அதாவது அதுவாகவே இருத்தல். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வேரில் குறியும் இல்லை, அட்டையும் இல்லை. மாறாமல் அதுவாக நிற்பது மட்டுமே இருக்கிறது. பெரியம்மா சொன்ன 'அதே ஆளு' என்பதில் உள்ள 'அதே'தான் அது. நம் பள்ளிக் கணக்குப் புத்தகம் இந்த வேர்ப்பொருளை அழகாகப் பிடித்திருக்கிறது. எந்த எண்ணைப் போட்டாலும் இருபுறமும் ஒன்றாகவே நிற்கும் சமன்பாட்டுக்கு அங்கே 'முற்றொருமை' என்று பெயர். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் இயற்கணித முற்றொருமைகளை மனப்பாடம் செய்த யாரும் அது ஐடென்டிட்டியின் தமிழ் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

'அடையாளம்' வேறு வழியில் வந்த சொல். முன்னே நிற்பது 'அடை': சென்று சேர், எட்டு, பெறு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை எட்டுகிறோம் அல்லவா, அந்தப் பிடிக்குத்தான் அடையாளம் என்று பெயர். மலையாளத்திலும் இதே சொல் குறி என்ற பொருளில் புழங்குகிறது. தமிழில் இதன் பழைய புழக்கத்துக்குப் பெரியாழ்வாரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அசோகவனத்தில் சீதையின் முன் அனுமன் நிற்கிறான். ஏற்கனவே ஒருமுறை மாறுவேடத்தில் ஏமாற்றப்பட்டவள் அவள், எளிதில் நம்ப மாட்டாள். அதனால் அனுமன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். சனகனின் வில்லை முறித்தது, ஓர் அந்திப்பொழுதில் மல்லிகை மாலையால் நீ இராமனைக் கட்டியது, சித்திரகூடத்தில் காக்கை வந்தது, பொன்மான் வந்தது. ஒவ்வொரு பாட்டும் 'ஓர் அடையாளம்' என்றே போய் முடிகிறது. எல்லாம் சொன்ன பிறகுதான் கடைசியில் மோதிரத்தை எடுத்து, இதுவும் அடையாளம் என்று நீட்டுகிறான்.

இந்த வரிசையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பொருள் கடைசியில்தான் வருகிறது. முதலில் வருவது இருவருக்கு மட்டுமே தெரிந்த நினைவு. 1694இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், ஒருவர் அதே ஆளாக இருப்பது அவரது நினைவின் தொடர்ச்சியால்தான் என்று வாதிட்டார். ஐரோப்பாவில் அது பெரிய விவாதமாயிற்று. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, ஆளை உறுதிசெய்ய மோதிரத்துக்கு முன்னால் மல்லிகை மாலையை வைத்த கவி நம்மிடம் இருந்திருக்கிறார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அடையாளம் என்பது இராமன் யார் என்பதல்ல, சீதை தெரிந்துகொள்வதற்கான பிடி. இன்றுவரை அன்றாடத் தமிழில் அந்தச் சொல்லின் குணம் மாறவில்லை. வீட்டுக்கு வழி கேட்டால் "என்ன அடையாளம்?" என்கிறோம், வேப்பமரமோ டீக்கடையோ பதிலாக வருகிறது. பள்ளிச் சான்றிதழில் இடது முழங்கை மச்சம் அங்க அடையாளம். ஒருநாள் மட்டும் வேலையை நிறுத்திக் காட்டினால் அடையாள வேலைநிறுத்தம். எல்லாமே எதிரே நிற்பவர் பார்ப்பதற்கானவை.

அப்படியிருந்த சொல்லின் மேல் பாரம் ஏறியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 'நான் யார்' என்ற உள்ளுணர்வுக்கு ஐடென்டிட்டி என்ற சொல்லைப் பரப்பினார். வளரிளம் பருவத்தில் அது ஆட்டம் காண்பதற்கு அவர் வைத்த 'ஐடென்டிட்டி கிரைசிஸ்' என்ற பெயர்தான் இன்று உலகம் முழுக்க எடுத்தாளப்படுகிறது. அவர் கதையும் பெயரின் கதைதான். 1902இல் பிராங்பர்ட்டில் ஒரு குடும்பப்பெயரோடு பிறந்து, வளர்ப்புத் தந்தையின் பெயரில் வளர்ந்து, 1939இல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது 'எரிக்சன்' என்று தானே ஒரு பெயரை வைத்துக்கொண்டவர். இந்தப் புதிய பொருளையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'அடையாளம்' என்ற சொல்லின் தலையிலேயே ஏற்றிவைத்தார்கள்.

சரி, வெளியே தெரியும் குறிக்கும் உள்ளே இருக்கும் ஆளுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, அதை எங்கள் வீட்டுப் பரணிலேயே பார்க்கலாம். சேலத்தில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். கடை வாசலிலேயே ஒருவர் சின்ன இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். புள்ளி புள்ளியாக எழுத்து விழும், காது கூசும் சத்தம். பெரியம்மாவின் சீர்ப்பாத்திரங்களில் அவர் பெயருக்கு முன்னால் அவரது அப்பாவின் தலைப்பெழுத்து இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய தூக்குப்போசியிலும் சம்புடத்திலும் பெரியப்பாவின் தலைப்பெழுத்து. ஒரே பரண், இரண்டு தலைப்பெழுத்து, ஒரே ஆள். அந்தச் சீர்ப்பாத்திரங்களில் ஒன்று திருட்டுப்போனபோது அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். விலைக்காக அழுத அழுகை இல்லை அது. அப்பன் வீட்டில் தானாக இருந்த காலத்தில் ஒரு துண்டு போய்விட்டது.

இதை 1890இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதியிருக்கிறார்: ஒருவன் 'என்னுடையது' என்று சொல்லக்கூடியவை எல்லாம் சேர்ந்ததுதான் அவன், உடல், உடை, வீடு, மக்கள், நிலம், வங்கிக் கணக்கு வரை. 1988இல் ரசல் பெல்க் என்ற ஆய்வாளர் இதை வளர்த்து, உடைமை என்பது நீட்டிய 'நான்' என்றார். அதற்காக வாங்கிக் குவிப்பதெல்லாம் ஆளை வளர்க்கும் என்று நான் நம்பவில்லை. பெயர் வெட்டிய பாத்திரம் அதை வாங்கிய நாளை நினைவில் வைத்திருக்கிறது. போன மாதம் வாங்கிய செல்போனில் அப்படி எதுவும் தங்குவதில்லை.

பொருளைவிட ஆழமாக ஆளை மாற்றுவது பக்தி. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் சேலமே மஞ்சளாகிவிடும். விரதம் இருந்து கையில் காப்புக் கட்டிக்கொண்டவரைப் பாருங்கள். பேச்சு மாறிவிடும், சாப்பாடு மாறிவிடும், கோபம் வந்தாலும் அடக்கிக்கொள்வார். மஞ்சள் துணி அடையாளம், ஆனால் அது உள்ளே ஏதோ செய்கிறது. சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு நேர்த்தியான தொடர் இருக்கிறது: 'சார்ந்ததன் வண்ணமாதல்'. உயிருக்குத் தனியாக நிறமில்லை, எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் நிறத்தை ஏற்கும், பளிங்கு போல. ஆணவத்தைச் சார்ந்தால் இருள், இறைவனைச் சார்ந்தால் ஒளி. உடைமை, கட்சி, இணையம் மூன்றுக்கும் இந்தத் தொடரை வைத்துப் பார்த்தாலும் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை ரமணரிடம் வைத்த முதல் கேள்வியே 'நான் யார்?' என்பதுதான். உடல் நானல்ல, புலன்கள் நானல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், மிஞ்சும் அறிவே நான் என்றார் ரமணர். ஜேம்ஸ் கூட்டிக்கொண்டே போனதை இவர் கழித்துக்கொண்டே போனார்.

அரசியல் வந்து மனிதர்களின் பெயரில் கை வைத்த இடங்களில் சேலமும் ஒன்று. 1944 ஆகஸ்ட் 27 அன்று இங்கே கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியது. அண்ணா கொண்டுவந்த தீர்மானங்களின்படி ராவ் பகதூர், திவான் பகதூர், சர் என்று வெள்ளை அரசு கொடுத்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் கட்சிக்காரர்கள் விட்டுவிட வேண்டும் என்றானது. அதற்கு முன்பே, 1929இல், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை நீக்கச் சொல்லியிருந்தது. இன்று நம் பெயர் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு நின்றுகொள்வதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மற்ற மாநிலத்து விண்ணப்பங்களில் 'குடும்பப்பெயர்' என்ற கட்டத்தின் முன்னால் நம் பிள்ளைகள் விழிப்பது அதனால்தான். எனக்கு அதில் பெருமை.

அரசு ஒட்டும் அடையாளமும் ஆளும் ஒன்றல்ல என்பதற்கு ஏற்காட்டைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் 'மலையாளி' என்று அழைக்கப்படுகிறார்கள். மலையை ஆள்பவர் என்று பொருள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது வழிவழிக் கதை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையூர்களிலிருந்து திரண்டு வருவார்கள். ஊர் மாறிப் போய் இந்தப் பெயரைச் சொன்னால் "கேரளாவா?" என்ற கேள்விதான் முதலில் வரும். இன்னொன்று அதைவிடக் கொடுமை. பழங்குடியினர் பட்டியலில் இந்தப் பெயர் மாவட்டக் கணக்கோடு இருக்கிறது. பழைய சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் தங்களையும் சேர்க்கும்படி நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் சான்றிதழ் மாறுகிறது, ஆள் மாறவில்லை.

இணையத்துக்கு வந்தால் ஐடென்டிட்டி 'ஐடி' என்று இரண்டெழுத்தாகக் குறுகிவிட்டது. "புது ஐடி ஓப்பன் பண்ணிட்டேன்", "அது ஃபேக் ஐடி" என்று பேசுகிறோம். ஒருவருக்கு நான்கு ஐடி இருக்கலாம் என்பதே 'இதெம்' என்ற வேருக்கு நேர்எதிர். டிபி மாற்றுவது, ஸ்டேட்டஸ் வைப்பது எல்லாம் பெயர் வெட்டுவதன் தம்பி தங்கைகள்தான், ஆனால் அழித்து அழித்து வெட்டலாம். எனக்குக் கவலை தருவது வேறு. காட்டுவதற்காக வைத்த முகத்தின் வண்ணம் பையப் பைய உள்ளே இறங்குகிறது, சார்ந்ததன் வண்ணமாக. பிறர் பெயரில் புகுந்து ஏமாற்றுவதற்குத் தமிழில் 'ஆள்மாறாட்டம்' என்ற வலுவான சொல் ஏற்கனவே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வருவது அதுதான், மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஒருவரது கடவுச்சொல்லையோ மின் கையொப்பத்தையோ திருடிப் பயன்படுத்துவது 66சி. அதை 'அடையாளத் திருட்டு' என்பது மிகச் சரி. திருடுபோவது குறி மட்டும்தான்.

இனி, சரியான தமிழ் எது? அட்டை, எண், மச்சம், கைரேகை, கணக்குப்பெயர் எல்லாவற்றுக்கும் அடையாளம். கணக்கில் முற்றொருமை. அடையாள அரசியல் என்ற தொடரை அப்படியே இருக்க விட்டுவிடலாம், அது ஊன்றிவிட்டது, பொருளும் பொருந்துகிறது. 'தனித்துவம்' என்று சிலர் எழுதுவதை ஏற்க என்னால் முடியவில்லை. மற்றவரிடமிருந்து வேறுபடுவது தனித்துவம், தன்னிடமிருந்து மாறாமல் இருப்பதுதான் ஐடென்டிட்டி. 'ஆளுமை' வேறு துறைக்குப் போய்விட்டது.

ஒருவர் தன்னைத் தான் உணரும் அந்த உள்பொருளுக்குத் 'தன்மை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு. இலக்கணத்தில் நான், நாம் என்பவை தன்மை. நீ முன்னிலை, அவன் அவள் அது படர்க்கை. அதே சொல்லுக்கு இயல்பு, குணம் என்ற பொருளும் உண்டு. 'தான்' என்பதன் 'மை', தானாயிருத்தல். அடையாளம் படர்க்கையிலிருந்து பார்த்துச் சொல்வது, தன்மை தன்மையிலிருந்தே சொல்வது. "இளைஞர்கள் அடையாளச் சிக்கலில் தவிக்கிறார்கள்" என்று எழுதினால் அட்டை தொலைந்தது போல இருக்கிறது. "தன் தன்மை பிடிபடாமல் தவிக்கிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள். குழப்பம் வரும் இடத்தில் 'தன்னடையாளம்' என்று எழுதலாம், அதுவும் புழக்கத்தில் இருக்கிறது.

பெரியம்மாவுக்குப் பிறகு வேறோர் இடத்தில் கைரேகைக்குப் பதிலாகக் கருவிழியைப் படம் பிடித்து வேலை முடிந்தது. கையில் கொடுத்த சீட்டில் 'அடையாளம் சரிபார்க்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. அந்த வரியில் அந்தச் சொல் தனக்குரிய இடத்தில்தான் இருந்தது. பெரியம்மா சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "போலாமா கண்ணு, பட்டறையில இன்னும் ரெண்டு ஜோடி பாக்கி இருக்குது" என்றார்.